காத்தாடி, எட்டுமூலை, டெல்டா, பாராஃபாயில்: புதிய பட்டக் குழுவுக்கு எது ஏற்றது?

பத்துப் பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் பட்டம் விடுவதென்று முடிவாகிவிட்டது. அடுத்த கேள்வி, எதை வாங்குவது? நம் கைக்கெட்டும் தூரத்தில் நான்கு வகை இருக்கின்றன: சென்னைக் காத்தாடி, எட்டுமூலை போன்ற யாழ்ப்பாணத்து மூங்கில் பட்டம், நைலான் துணியில் தைத்த டெல்டா, குச்சியே இல்லாத பாராஃபாயில். நான்கும் காற்றில் நிற்கும் விதம் வேறு, கோளாறு செய்யும் விதமும் வேறு. ஆனால் வழிப்போக்கரைக் காயப்படுத்துவது பெரும்பாலும் பட்டமல்ல, நூல். எனவே முதலில் நூல்.

எந்த நூல்?

கண்ணாடித் தூளும் வஜ்ஜிரப் பசையும் பூசிய மாஞ்சா பேச்சுக்கே இடமில்லாதது. அறுந்த மாஞ்சா இரண்டு கம்பங்களுக்கு நடுவே விறைப்பாகச் சிக்கி நின்றால், பைக்கில் வருபவருக்கு அது கழுத்து உயரத்தில் இருக்கும், கண்ணுக்கும் தெரியாது. வண்டியின் வேகமே அதை ரம்பமாக்கிவிடும். நைலானில் செய்தது இன்னும் கொடியது. பருத்தி நூல் ஓரளவு இழுவைக்கு மேல் அறுந்து ஆளை விட்டுவிடும், நைலான் அறுவதில்லை. மழையில் மக்குவதும் இல்லை, மரத்தில் சிக்கியது மாதக்கணக்கில் பறவைகளுக்குக் கண்ணியாகத் தொங்கும். நைலான் உள்ளிட்ட செயற்கை இழை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நாடு முழுவதும் தடை செய்தது. தமிழ்நாட்டில் கண்ணாடி, உலோகம் போன்ற கூரான எதுவும் சேராத பருத்தி நூலுக்குத்தான் அனுமதி.

மீதமிருப்பவை மூன்று. முறுக்கிய பருத்தி நூல் கைக்கு இதமானது, மலிவானது. நனைந்தால் கனக்கும், சரியாகக் காயாமல் சுற்றி வைத்தால் உள்ளே இற்றுப்போகும். டாக்ரான் எனப்படும் பின்னல் பாலியெஸ்டர் நூல் அளவாக நீளும், முடிச்சைத் தாங்கும். வெளிநாட்டுக் குழுக்கள் ஒற்றை நூல் பட்டங்களுக்கு விரும்புவது இதைத்தான். டைனீமா என்ற செயற்கை இழை நூல் அதே தடிமனில் பல மடங்கு வலுவுள்ளது, ஆனால் வழவழப்பானது. சாதாரண முடிச்சு உருவிக்கொள்ளும், நேரடியாக முடிச்சிட்டால் வலுவில் பாதியளவு போய்விடும். 150 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உருகிவிடுவதால் இன்னொரு நூலோடு உரசினால் சூட்டிலேயே அறுந்துவிடும். விரல் நடுவே ஓடினால் தோலை ஆழமாக வெட்டும். புதியவர்கள் கையில் டைனீமா கொடுக்கவே கூடாது. தமிழ்நாட்டுத் தடை செயற்கை இழை நூலையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே இங்குள்ள குழு பருத்தியோடு நிற்பது நல்லது. 

எவ்வளவு வலு வேண்டும்? மிதமான காற்றுக்குப் பட்டத்தின் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோ தாங்கும் நூல் போதும். காற்று பலமான நாட்களுக்கு 25 முதல் 30 கிலோ. இதைச் சோதிக்கத் தராசு தேவையில்லை. 15 லிட்டர் தண்ணீர் பிடித்த வாளியை அந்த நூலில், பட்டத்துக்குப் போடும் அதே முடிச்சில் கட்டித் தூக்குங்கள். நூல் அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, முடிச்சின் கழுத்தில். முடிச்சைச் சேர்க்காத சோதனை சோதனையே அல்ல.

காத்தாடியும் எட்டுமூலையும்

சென்னைக் காத்தாடி சதுரத் தாள், நேரான நடுக்குச்சி, வில்லாய் வளைந்த குறுக்குக் குச்சி, அவ்வளவுதான். வால் கிடையாது. சும்மா நிற்பதற்காக அது செய்யப்படவே இல்லை. நூலைத் தளரவிட்டால் தாள் தட்டையாகிச் சுழலும். சுழலும்போது மூக்கு பார்க்கும் திசையில் சட்டென்று இழுத்தால் குச்சி பின்னால் வளைந்து, அந்தத் திசையிலேயே பாயும். ஆகவே விடுபவர் ஒரு நொடியும் கண்ணை எடுக்க முடியாது. கை வித்தையைக் கற்றுக்கொடுப்பதில் நான்கில் இதற்கு இணை இல்லை. குழந்தை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நிற்கலாமா என்றால், கூடாது.

பட்டத்தைப் பறக்கும் நூலோடு இணைக்கும் இரண்டு கால் கட்டுதான் சூத்திரம். அதைப் போடும்போது மேல் கால் இரண்டு குச்சிகளும் சந்திக்கும் இடத்தில், கீழ்க் கால் நடுக்குச்சியில் வால் முனைக்குச் சற்று மேலே. முதலில் இரண்டும் ஒரே நீளம். காற்று பலத்தால் மேல் காலை அரை சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். எப்போதும் இடப்பக்கமே சாய்கிறதா? வலது இறக்கை முனையில் தாளைச் சுருட்டிக் கட்டினால் சமன்படும்.

மாஞ்சா இல்லாமல் டீல், அதாவது ஒருவர் நூலை இன்னொருவர் நூலால் அறுக்கும் போட்டி, உண்டா என்று கேட்பார்கள். உண்டு. வெறும் பருத்தி நூலிலும் வேகமாக ஓடும் நூல் நிற்கும் நூலை அறுக்கும். ஓடும் நூலுக்குத் தேய்மானம் நெடுக்கப் பரவுகிறது, நிற்கும் நூல் ஒரே புள்ளியில் தேய்கிறது. நேரம்தான் கூடுதலாக எடுக்கும். ஆனால் அறுந்த காத்தாடி நூலை இழுத்துக்கொண்டே போகும் என்பதால், காற்று போகும் பக்கம் சாலையோ மின்கம்பியோ இல்லாத பெரிய மைதானத்தில் மட்டுமே டீல். மொட்டை மாடியில் கூடவே கூடாது. மேலே பார்த்தபடி பின்வாங்கும் கால் விளிம்பைப் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணத்துப் பட்டம் இதற்கு நேர்மாறு. எட்டுமூலை, கொக்கு, படலம், பிராந்து, பெட்டி என்று வடிவம் எதுவானாலும் நோக்கம் ஒன்றுதான்: வாடைக்காற்றில் ஏறி நின்று, நின்ற இடத்திலேயே விண் கூவ வேண்டும். பட்டத்தின் மேல் வில்லாகப் பூட்டி நாடா இழுத்துக் கட்டுவதுதான் விண். அந்த நாடா காற்றில் அதிர்ந்து ஊரெல்லாம் கேட்கும்படி ஒலிக்கும். தைப்பொங்கலையொட்டி வல்வெட்டித்துறையில் நடக்கும் போட்டியில் மக்கள் வியந்து பார்ப்பது அறுப்பதை அல்ல, வடிவத்தையும் நிலைப்பையும். மாஞ்சா இல்லாமல் பட்டம் சுவைக்காது என்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும். நூலில் கூர்மையே இல்லாமல் ஒரு முழு விளையாட்டுப் பண்பாடு அங்கே நிலைத்திருக்கிறது.

கட்டும் வேலைதான் இதன் உயிர். பிளந்த மூங்கில் குச்சியை நடுவில் கத்தி முதுகின் மேல் வைத்தால் இரு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். தாழும் பக்கத்தைச் சீவுங்கள். தாளை விறைப்பாக ஒட்டியபின் முச்சையை (சூத்திரத்துக்கு அங்கே உள்ள பெயர்) பிடித்துத் தொங்கவிட்டு மறுபடி பாருங்கள். இந்த இரண்டு சோதனையையும் தவிர்த்த பட்டம்தான் ஏறியதும் வட்டமடித்துத் தலைகீழாக வந்து குத்தும். வால் பட்டத்தின் உயரத்தைப்போல் ஆறேழு மடங்கில் தொடங்கலாம். சுழன்றால் கூட்டுங்கள், ஏற மறுத்தால் அரை மீட்டராகக் குறையுங்கள்.

முச்சைக்கு ஒரு விதி, எல்லா மூங்கில் பட்டங்களுக்கும் பொருந்தும். பட்டம் பலமாக இழுக்கிறது, ஆனால் தாழ்வாகவே தொங்குகிறது என்றால் நூல் கட்டும் புள்ளியை மூக்குப் பக்கம் நகர்த்துங்கள். காற்றைப் பிடிக்காமல் படபடக்கிறது, தலைக்கு மேலே வந்து மூக்கு கவிழ்கிறது என்றால் வால் பக்கம். ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு விரற்கடை நகர்த்தினாலே வேறு பட்டமாகிவிடும்.

டெல்டா

நடுவே ஒரு தண்டு, இரு ஓரத்திலும் ஒவ்வொன்று, குறுக்கே ஒன்று, அடியில் முக்கோணத் துணி. அந்தத் துணியின் முனையிலுள்ள வளையத்தில் நூல் கட்டினால் முடிந்தது. முச்சை கட்டும் தலைவலி இல்லை. திடீர்க் காற்று அடித்தால் இறக்கை தானே பின்னால் வளைந்து கூடுதல் காற்றைக் கொட்டிவிடும், காற்று ஓய்ந்தால் மிதந்து இறங்கும். மணிக்கு 8 முதல் 25 கிலோமீட்டர் வரையிலான காற்றுக்கு நன்றாக ஒத்துழைக்கும். இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் ஆடி, கொடி விரிந்து நின்றால் 12 முதல் 19. புழுதியும் காகிதமும் எழுந்தால் 20ஐத் தாண்டிவிட்டது. சிறு மரங்களே ஆடினால் 30ஐ நெருங்கிவிட்டது, இறக்கிவிடுங்கள்.

கோளாறு வந்தால் பெரும்பாலும் குறுக்குத் தண்டில்தான். தண்டு சற்று நீண்டுவிட்டால் இறக்கை தட்டையாகி நிலை தடுமாறும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரு ஓரத் தண்டுகளையும் உருவி நீளம் ஒப்பிடுங்கள். கடற்கரையில் விட்டதானால் தண்டு செருகும் தையல் பையின் மூலையைத் தட்டுங்கள். ஒரு பிடி மணல் சேர்ந்திருந்தாலே அந்தப் பக்கம் இழுக்கும்.

பாராஃபாயில்

1964இல் டாமினா ஜால்பர்ட் வடிவமைத்த இதில் குச்சியே கிடையாது. முன்பக்கத் திறப்புகளில் காற்று புகுந்து அறைகள் உப்பி, துணியே இறக்கையாகிவிடும். மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும். 2022 முதல் மாமல்லபுரம் பட்டத் திருவிழாவில் பார்த்த காற்றடைத்த பெரிய உருவங்களும் இதே உறவுதான். பலர் கேட்டு வாங்க ஆசைப்படுவது இதைத்தான், புதிய குழு ஒத்திப்போட வேண்டியதும் இதைத்தான்.

காரணம் இழுவை. காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டர் பட்டம் சுமார் இரண்டு கிலோ இழுக்கும், 40இல் ஏழரை கிலோ. நான்கு சதுர மீட்டர் பாராஃபாயில் 40இல் 30 கிலோ இழுக்கும். பத்து வயதுப் பிள்ளையின் எடை அது. 2021 டிசம்பரில் பருத்தித்துறையில் பலர் சேர்ந்து பெரிய பட்டம் ஏற்றியபோது, மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த இளைஞர் வானத்துக்குத் தூக்கப்பட்டு, உயிரோடு இறங்கினார். அது பாராஃபாயில் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: பெரிய பட்டத்தைக் கையால் பிடிக்கக் கூடாது, நூலைக் கையிலோ இடுப்பிலோ சுற்றவே கூடாது. மணல் நிரப்பிய சாக்கை இரண்டடி ஆழத்தில் புதைத்து, அதில் கட்டுங்கள். எல்லோரும் தோல் கையுறை போட வேண்டும். விட்டுவிடுவது என்றால் ஒரே குரலுக்கு எல்லோரும் ஒன்றாக விட வேண்டும்.

காற்று நின்றால் இது வெறும் துணியாக விழும். விழும் இடத்தில் ஆள் இருக்கக் கூடாது. இருபது, முப்பது துணைநூல்கள் சிக்கினால் பிரிக்க அரை மணி நேரம் ஆகும். மடிக்கும்போதே துணைநூல்களைச் சேர்த்துச் சடையாகப் பின்னி வைப்பவர்களுக்கு அந்தச் சிக்கல் வருவதில்லை.

இடமும் காற்றும்

நான்குக்கும் பொதுவான ஒன்று, கிழக்குக் கடற்கரையில் பலர் யோசிப்பதில்லை. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது, பட்டம் மேற்கே, அதாவது ஊருக்குள் போகிறது. மெரினாவில் சராசரி மணற்பரப்பு 300 மீட்டர். நடு மணலில் நின்று 200 மீட்டர் நூல் விட்டால் பட்டம் காமராஜர் சாலைக்கு மேல் நிற்கும். அலையோரமாக நின்று, 100 மீட்டரோடு நூலைக் கட்டிப்போடுங்கள். நூல் சுற்றும் உருளையான லொட்டாயில் அதற்கு மேல் சுற்றாமல் இருப்பதே சரியான பூட்டு. கட்டடத்துக்குப் பின்னால் அதன் உயரத்தைப்போல் ஏழெட்டு மடங்கு தூரம் வரை காற்று புரண்டுகொண்டிருக்கும், அங்கே எந்தப் பட்டமும் ஒழுங்காக ஏறாது. விடியலில் கூட்டை விட்டுக் கிளம்பும், அந்தியில் கூடு திரும்பும் பறவைகளுக்கு வானத்தை விட்டுவிடுங்கள்.

மின்கம்பியில் சிக்கினால் நூலைக் கைவிட்டு விலகிவிட வேண்டும். ஈர நூல் மின்சாரம் கடத்தும். கம்பு, கொக்கி, ஏணி எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் மின்னகத்தின் 94987 94987க்குச் சொன்னால் போதும்.

எங்கள் தேர்வு

பத்துப் பேருக்கு ஒன்றரை மீட்டர் அகல டெல்டா மூன்று, முறுக்குப் பருத்தி நூல், கையுறை ஆறு ஜோடி. மார்கழி, தை மாதங்களில் வாரம் ஒரு எட்டுமூலை கட்டிப் பழகுங்கள். காத்தாடியை மூன்றாவது மாதத்தில் எடுக்கலாம். பாராஃபாயில் ஒரு வருடம் கழித்து, அதுவும் கீழே இறக்கும் முறை எல்லோருக்கும் வசப்பட்டபின். அந்த முறை இதுதான். நூலின் அடியைப் புதைத்த மணல் சாக்கு நங்கூரத்தில் கட்டிவிட்டு, கையுறை போட்ட ஒருவர் நூலை அக்குளுக்குக் கீழே அழுத்திக்கொண்டு பட்டத்தை நோக்கி நடக்க வேண்டும். நடக்க நடக்கப் பட்டம் தாழ்ந்து வரும். விறைப்பான நூலை லொட்டாயில் சுற்றி இறக்க முயன்றால் அடி நூல் நெரிந்து, லொட்டாயே உடையும். பட்டம் தரையில் படுத்து, ஒருவர் அதன் மேல் கை வைத்த பிறகே நூலைச் சுற்றத் தொடங்குங்கள்.