விதை நீக்கிய ப்ரூன்ஸ்: எலும்புக்காக வாங்குகிறவர்களுக்கு

உலர்பழக் கடையில் போய் ‘உலர்ந்த பிளம்ஸ் கொடுங்க’ என்றால் மூன்று பொருள்களில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். சர்க்கரைப் பாகில் ஊறி, சிவப்புச் சாயம் ஏறிய மிட்டாய் பிளம் ஒன்று. பிரியாணிக்குப் போடும் ஆலு புக்காரா இன்னொன்று. கொட்டையோடு, நல்ல புளிப்பாக இருக்கும். மூன்றாவதுதான் ப்ரூன்ஸ். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்மானம் பற்றிப் பேசப்படும் ஆய்வுகள் எல்லாம் இந்த மூன்றாவதை வைத்து நடந்தவை. மற்ற இரண்டையும் எலும்புக்கென்று வாங்குவது வீண்செலவு.

நல்ல ப்ரூன்ஸ் எப்படி இருக்கும்? வெளியே கருப்பு, சுருக்கம் விழுந்த தோல், அமுக்கினால் மெத்தென்று உள்வாங்கும். இரண்டாகப் பிய்த்தால் உள்ளே தேன் நிறத்தில் பிசுபிசுப்பான சதை, விதை இருந்த இடத்தில் ஒரு குழி. இனிப்போடு பின்னால் லேசான புளிப்பு வரும். மேலே மெல்லிய வெண்பொடி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், பழத்துச் சர்க்கரைதான் வெளியே வந்து உறைந்திருக்கிறது. பஞ்சு போல, பூசண வாடையோடு இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். ப்ரூன்ஸ், அதனுடன் பொட்டாசியம் சார்பேட் என்ற 202 எண் பதப்பொருள், இவ்வளவு இருந்தால் போதும். காய்ந்த பழத்தில் திரும்ப ஈரமேற்றி மென்மையாக்குவதால் பூஞ்சை பிடிக்காமலிருக்க அது தேவைப்படுகிறது. குளுக்கோஸ் சிரப், சேர்த்த சர்க்கரை என்று ஏதாவது கண்ணில் பட்டால் வைத்துவிட்டு வாருங்கள். பழத்திலேயே 100 கிராமுக்கு 38 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதற்கு மேல் எதற்கு?

இனி அளவு. பலர் சறுக்குவது இங்கேதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 235 பெண்களை வைத்து ஓராண்டு நடத்திய சோதனை 2022-இல் வெளியானது. ஒரு குழுவுக்குத் தினம் 50 கிராம், இன்னொன்றுக்கு 100 கிராம், மூன்றாவதுக்கு ப்ரூன்ஸே இல்லை. சாப்பிடாதவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி ஓராண்டில் 1.1 சதவீதம் குறைந்தது. 50 கிராம் சாப்பிட்டவர்களுக்கு 0.3 சதவீதம்தான். 100 கிராம் குழுவிலோ 41 சதவீதம் பேர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். ஆக, நிறைய சாப்பிட்டால் நிறைய பலன் என்ற கணக்கு இதில் செல்லாது. ஆய்வுக்குப் பண உதவி செய்தது கலிஃபோர்னியா ப்ரூன்ஸ் வாரியம் என்பதையும் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, முதுகெலும்பில் இப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இருக்கிற எலும்பைக் காப்பாற்ற உதவும் பண்டம் என்று நினைத்து வாங்குங்கள். இழந்ததைத் திரும்பக் கட்டித் தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

50 கிராம் என்றால் ஐந்தாறு பழம். பழத்தின் அளவு பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும், அதனால் முதல் நாள் சமையல் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் 200 கிராம் பாக்கெட் நான்கே நாளில் தீரும், மாதத்துக்கு ஒன்றரை கிலோ ஆகும். செலவு கொஞ்சமல்ல. எப்போதாவது இரண்டு பழம் வாயில் போடுவதற்கு எலும்புக் கணக்கு பார்க்காதீர்கள்.

முதல் நாளே ஆறையும் சாப்பிட்டால் வயிறு உப்பிப் பொருமும், சிலருக்கு வயிற்றுப்போக்கே வரும். காரணம் சார்பிட்டால். குடல் சரியாக உறிஞ்சாத இந்த இனிப்பு 50 கிராமில் ஏறக்குறைய 7 கிராம் இருக்கிறது. முதல் வாரம் தினம் இரண்டு, அடுத்த வாரம் நான்கு, மூன்றாம் வாரம் முழு அளவு என்று ஏற்றுங்கள். காலையில் பாதி, மாலையில் பாதியாகப் பிரித்தால் இன்னும் சுகம். பல்செட் போட்டிருப்பவர்கள் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, காலையில் அந்த நீரையும் சேர்த்துக் குடிக்கலாம். விதை நீக்கியது என்று எழுதியிருந்தாலும் விதைத்துண்டு எப்போதாவது உள்ளே தங்கியிருக்கும். ஒவ்வொன்றையும் விரலால் பிய்த்துப் பார்த்துவிட்டே பெரியவர்களுக்குக் கொடுங்கள்.

கால்சியத்துக்கு இதை நம்பக்கூடாது. 50 கிராமில் 20 மில்லிகிராம் அளவுதான் தேறும். 100 கிராம் கேழ்வரகில் 360-க்கு மேல் இருக்கிறது. ப்ரூன்ஸிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் எலும்பு அரிக்கப்படும் வேகத்தைத் தணிக்கின்றன என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். எனவே பால், கேழ்வரகு, கீரை, மருத்துவர் எழுதிய மாத்திரை எதையும் நிறுத்த வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், 50 கிராமில் சுமார் 32 கிராம் மாவுச்சத்து இருப்பதால், மாலைப் பலகாரத்துக்கு பதிலாக இதை எடுக்கலாம், அதற்கு மேலாக அல்ல. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இதிலுள்ள பொட்டாசியம் உடலில் சேரும், மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதிலுள்ள வைட்டமின் கே காரணமாக மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பாக்கெட்டைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். குளிரில் சற்று விறைத்துப்போகும் பழம், பத்து நிமிடம் வெளியே இருந்தால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.