தக்கலையில் இருந்துகொண்டு ஸ்னோஃப்ளேக்: சொந்தக் கணினியில் அமைத்துக்கொண்ட பணிச்சூழல்

ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் தரவுக் கிடங்குக்குப் பைதானில் நிரல் எழுதுவது என் அன்றாட வேலை. தக்கலையில் வீட்டிலிருந்தே செய்கிறேன். ஸ்னோஃப்ளேக்கில் உள்ள தரவைப் பைதானில் கையாள உதவும் நூலகமான ஸ்னோபார்க் பைதான் 2022 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் அதனோடுதான் புழங்கி வருகிறேன். பிரவுசரிலேயே எழுதி ஓட்டலாமே, கணினியில் தனியாக எதற்கு என்று புதியவர்கள் கேட்பதுண்டு. தனியாக அமைத்தே தீர வேண்டும் என்பேன்.

முதலில் காசு. நிரலை ஓட்டும் கணினித் திறனையும் ஸ்னோஃப்ளேக்கில் கிடங்கு என்றே சொல்வார்கள்; வேலை இல்லாதபோது அது உறங்கும். உறங்கும் கிடங்கு ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் குறைந்தது 60 விநாடிக்குக் கட்டணம் ஏறும். அதற்குமேல்தான் விநாடிக் கணக்கு. மூன்று விநாடியில் முடிகிற சோதனைக்கும் ஒரு நிமிடக் காசு. தானாக உறங்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) கட்டளையில் எதுவும் சொல்லாமல் கிடங்கை உருவாக்கினால் அது 600 விநாடி. நான் 60 என்று வைத்திருக்கிறேன்.

அடுத்தது நம் ஊர் மழை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் குமரி மாவட்டத்தை நனைக்கும். காற்றில் ஒரு ரப்பர் மரம் கம்பிமேல் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும். அப்போதும் மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும்வரை என் வேலை நடக்கிறது.

அமைப்பது பெரிய காரியமில்லை. மினிகோண்டாவில் (பைதான் சூழல்களை அமைக்கும் கருவி) தனிச் சூழல், நிரல் எழுத விஎஸ் கோட், ஸ்னோபார்க் நூலகம், அவ்வளவுதான். ஆனால் பதிப்புகளில் கறாராக இருங்கள். கிளவுடில் பைதான் 3.11 என்றால் இங்கும் 3.11. அங்கே எந்தப் பைதான் நூலகத் தொகுப்பின் எந்தப் பதிப்பு கிடைக்கிறது என்பதை ஸ்னோஃப்ளேக்கின் விவரப் பட்டியல்கள் இருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் உள்ள பேக்கேஜஸ் பட்டியல் காட்டும்; அதைப் பார்த்தே இங்கு நிறுவுங்கள். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதவே கூடாது. கடவுச்சொல்லுக்குப் பதில் ரகசியச் சாவி, பொதுச் சாவி என்ற இரண்டு கோப்புகளைக் கொண்ட சாவி இணை (கீ பேர்) முறையில் உள்நுழையுங்கள்.

ஸ்னோபார்க்கின் லோக்கல் டெஸ்டிங் வசதிக்குக் கணக்கும் வேண்டாம், இணையமும் வேண்டாம். டேட்டாஃப்ரேம் (அட்டவணை வடிவத் தரவு) வடிகட்டல், இணைப்பு, குழுவாக்கிக் கூட்டுவது எல்லாவற்றையும் சின்ன மாதிரித் தரவில் சரிபார்த்துவிடலாம். நேரடி எஸ்க்யூஎல் மட்டும் அதில் ஓடாது. அதற்கு டக்டிபி வைத்திருக்கிறேன். ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் பிறந்து, 2024 ஜூனில் 1.0 பதிப்பைத் தொட்ட தரவுத்தளம் அது. பார்க்கே (தரவை நெடுவரிசையாகச் சேமிக்கும் வடிவம்) கோப்பை அப்படியே வாசிக்கும். ஸ்னோஃப்ளேக், டக்டிபி இரண்டின் எஸ்க்யூஎல்லும் முழுக்க ஒன்றல்ல. அடுக்கடுக்கான ஜேசன் தரவைப் பிரிக்க ஸ்னோஃப்ளேக்கில் ஃப்ளாட்டன், டக்டிபியில் அன்னெஸ்ட் என்ற கட்டளை. ஆகவே அந்தப் பகுதியை மட்டும் கிளவுடிலேயே சோதிக்கிறேன்.

நெடுவரிசைப் பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ரப்பர் ஷீட் கொள்முதல் பட்டியல் ஒன்று பாண்டாஸில் (பைதானின் அட்டவணை நூலகம்) இருக்கிறது, அதில் 'வெயிட்' என்ற நெடுவரிசை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதை ஸ்னோஃப்ளேக்குக்கு அனுப்பும் ரைட் பாண்டாஸ் கட்டளை அந்தப் பெயரை மேற்கோளிட்டுச் சிற்றெழுத்தாகவே ஏற்றும். பிறகு மேற்கோள் இல்லாமல் கேட்டால் ஸ்னோஃப்ளேக் அதைப் பேரெழுத்தாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்றுவிடும். டக்டிபி எழுத்து வேறுபாடு பார்க்காததால் வீட்டுச் சோதனையில் இது தெரியாது. ஏற்றுவதற்கு முன்பே எல்லாப் பெயர்களையும் பேரெழுத்தாக்கும் ஒரு வரியை எழுதிவிடுங்கள்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கற்க விரும்பினால், ஸ்னோஃப்ளேக் இலவசச் சோதனைக் கணக்கை உடனே தொடங்காதீர்கள். அது 30 நாள்தான். கணினியில் சூழலை அமைத்து, லோக்கல் டெஸ்டிங்கில் கை பழகிய பின் தொடங்குங்கள்.