ஒரு கனெக்‌ஷன், ஒரு கம்ப்யூட்டர்: தண்டையார்பேட்டையில் நெட்டுக்கு அலைந்த கதை

"இரண்டாவது கம்ப்யூட்டருக்கு நெட் வேணும்னா இரண்டாவது கனெக்‌ஷன்தான் சார்." எங்கள் தெருவுக்கு நெட் கொடுக்கும் ஆபரேட்டரின் ஆள் இதை வெகு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

விஷயம் இதுதான். அப்பாவிடம் இருப்பது பழைய விண்டோஸ் 10 டெஸ்க்டாப். கம்பத்திலிருந்து மொட்டை மாடி வழியாக இறங்கும் ஒயர் நேராக அதன் முதுகில் போய்ச் செருகியிருக்கும். வைஃபை பெட்டி கிடையாது. காலையில் பேப்பர், சாயங்காலம் பழைய பாட்டு, அவ்வப்போது கரண்ட் பில் கட்டுவது. அப்பாவுக்கு அது போதும். மார்கழி லீவோடு சேர்த்து வீட்டிலிருந்தே கொஞ்சம் வேலையும் பார்க்கலாம் என்று நான் ஆப்பிள் லேப்டாப்போடு வந்து இறங்கினேன். நான் வேலை பார்க்கும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் காலை ஒன்பது மணி மீட்டிங் என்றால் இங்கே பகல் ஒன்றரை, சாப்பிட்டுவிட்டு உட்காரலாம். ஆனால் எங்கள் வீட்டுச் சுவருக்குள் மொபைல் டேட்டா ஒரு கோடுதான் காட்டும்.

ஒயரைக் கழற்றி யூ.எஸ்.பி. அடாப்டர் வழியாக என் லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். லாகின் பக்கம்கூட வரவில்லை. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் அதை அடையாளம் காட்டும் எம்.ஏ.சி. முகவரி என்று ஒரு எண் உண்டு அல்லவா, அப்பா கம்ப்யூட்டரின் முகவரியை மட்டும் ஆபரேட்டர் தன் பக்கத்தில் பதிந்து பூட்டி வைத்திருக்கிறார். வேறு எதைச் செருகினாலும் கதவு திறக்காது.

சரி, புகார் கொடுப்போம் என்று போன் செய்தேன். மறுநாள் காலையிலேயே ஆள் வந்துவிட்டார். ஒயரைத் தொட்டுப் பார்த்தார், மேலே சொன்ன வாக்கியத்தைச் சொன்னார், கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது அப்பா பக்கம் திரும்பி, "ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்றார்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"கம்ப்ளெயின்ட் க்ளோஸ் பண்ணணும்."

"வேலையே முடியலையே?"

"அது வேற, இது வேற சார்."

அதற்குள் அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தூரமாகப் பிடித்து, எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டார். வந்தவரின் வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ். திரும்பப் போன் செய்தால், உங்கள் பெயரில் புகார் எதுவும் இல்லையே என்கிறார்கள். நான் கத்தினேன். அப்பா அமைதியாகச் சொன்னார்: "நீ லீவு முடிஞ்சு போயிடுவ. நாளைக்கு ஒயர் அறுந்தா அவன்தாம்ப்பா வரணும்."

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. எந்த ரூட்டர், அதாவது வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, வைப்பது என்பது வாடிக்கையாளர் விருப்பம். லாகின் விவரத்தைக் கேட்காமலே கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் எத்தனை கம்ப்யூட்டர் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதே ஊரில் டெக்னீஷியன் வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், எட்டிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் வருவார் என்பார்கள், அன்றைக்கும் வராமல் போவார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே ஆள் மறுநாளே வந்தார். வந்தவர் ஒரு வார்த்தை வழி சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் ஆத்திரம். ஏனென்றால் வழி அப்பாவின் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது.

அதைக் காட்டியது பக்கத்து வீட்டு அக்காவின் மகள். பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். என் கூச்சல் கேட்டு, அம்மாதான் கூப்பிட்டு வந்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தவள், "ஒயர் தாத்தா கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும் மாமா. வைஃபை டாங்கிள் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, போதும்" என்றாள். யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன வைஃபை கருவி அது. மெட்ரோவில் ஏறி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வந்தேன்.

செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க், அதில் மொபைல் ஹாட்ஸ்பாட். ஈதர்நெட்டில், அதாவது ஒயரில், வருவதை வைஃபையில் கொடு என்று தேர்ந்தெடுத்து, பெயரும் பாஸ்வேர்டும் போட்டாள். அவ்வளவுதான். என் லேப்டாப்புக்கு 192.168.137 என்று தொடங்கும் முகவரி கிடைத்து, நெட் ஓடியது. விண்டோஸ் 10-ல் 2016-லேயே வந்துவிட்ட வசதி இது. எட்டுக் கருவிகள் வரை சேரலாம். ஒன்று விண்டோஸ், ஒன்று ஆப்பிள் என்பதெல்லாம் பொருட்டே இல்லை. அப்பா கம்ப்யூட்டர்தான் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கிறது என்பதால், ஆபரேட்டருக்கு வழக்கமான ஒரே முகவரிதான் தெரியும்.

வேகம் முதலில் மோசம். டாங்கிள் டெஸ்க்டாப்பின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருந்தது. அந்தப் பெண் வீட்டிலிருந்து ஒரு யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் ஒயர் கொண்டுவந்து, டாங்கிளை வெளியே இழுத்து, முருகன் காலண்டர் தொங்கும் ஆணியிலேயே மாட்டினாள். அப்புறம் வீடியோ கால் தடங்கலில்லாமல் போனது. நேரடி ஒயரில் வருகிற வேகத்தில் பாதிகூட இல்லை, ஆனால் வேலைக்குத் தாராளம்.

ஒரு மீட்டிங் நடுவில் மட்டும் எல்லாம் நின்றது. டெஸ்க்டாப் தூங்கப் போய்விட்டது. அது தூங்கினால் நெட்டும் போச்சு. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் என்பதை 'நெவர்' ஆக்க வேண்டும். திரை அணைந்தால் பரவாயில்லை. யாரும் இணையாதபோது ஹாட்ஸ்பாட்டே தானாக அணையும் ஒரு பவர் சேவிங் இருக்கிறது, அதையும் நிறுத்திவிடுங்கள். அப்பாவைச் சமாளிப்பதுதான் கடினம். பேப்பர் படித்து முடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கி வைப்பது அவர் பழக்கம். பகல் முழுக்க ஓடுவதைப் பார்த்தால் அவருக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு ரூட்டர் வாங்கி வைத்துவிட்டால் டெஸ்க்டாப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ரூட்டரின் எம்.ஏ.சி. முகவரியைச் சொன்னால், பழையதை எடுத்துவிட்டு இதைப் பதிந்து தருவது ஆபரேட்டருக்குச் சில நிமிட வேலை. பக்கத்து வீட்டில் வற்புறுத்திக் கேட்டுச் செய்துகொண்டார்களாம், கூடுதல் பணம் இல்லாமல். அடுத்த ரீசார்ஜுக்கு ஆள் வரும்போது பணத்தைக் கொடுப்பதற்கு முன்னாலேயே இதைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஓ.டி.பி.யை அதற்கப்புறம் சொன்னால் போதும் என்றும். "பார்க்கலாம்" என்றிருக்கிறார் அப்பா.