மூடியைச் சாத்தினால் தூங்க வேண்டும்: லினக்ஸில் சஸ்பெண்டும் ஹைபர்நேட்டும்

நான் கணக்கு எழுதுகிறவன். கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி வரை அந்தச் சாலையில் உள்ள அரிசி மில்களுக்கும் உரக்கடைகளுக்கும் பேரேடு, ஜிஎஸ்டி வேலை. கையில் இருப்பது பழசாக வாங்கிய லேப்டாப்: 8-ஆம் தலைமுறை இன்டெல், 16 ஜிபி ரேம், டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை, எக்ஸ்எஃப்சிஇ என்ற திரைமுகம். ஒரு மில்லில் மூடியைச் சாத்தி அடுத்த மில்லில் திறந்தால், விட்ட வரியில் கர்சர் நிற்க வேண்டும். பிரிண்டர், ஸ்கேனர், தமிழ் எழுத்துரு எதிலும் லினக்ஸ் என்னைப் படுத்தவில்லை. தூங்கி எழுவதில் மட்டும் நன்றாகப் படுத்தியது. இப்போது சரியாக இருக்கிறது.

சஸ்பெண்ட் வேலை செய்தால் போதும் என்று பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். டெல்டாவில் இருப்பவர்கள் ஹைபர்நேட்டையும் அமைக்காமல் விடக்கூடாது என்பது என் கட்சி. பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். குறுவைக்கு ஊரெல்லாம் மோட்டார் ஓடும் நாளில் வோல்டேஜ் இறங்கிவிடும். 2018 கஜா புயலுக்குப் பிறகு மன்னார்குடிப் பக்கம் வாரக்கணக்கில் இருட்டு. சஸ்பெண்டில் ரேமுக்குக் கரண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் சேமிக்காத கணக்கும் போச்சு. ஹைபர்நேட் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைகிறது.

முதல் தொல்லை, ராத்திரியில் கரையும் பேட்டரி. 80 சதவீதத்தில் மூடினால் விடிகாலையில் 50-க்குக் கீழே. /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். எஸ்2ஐடில், டீப் என்று இரண்டு பெயர் இருக்கும். எது நடப்பில் உள்ளதோ அதைச் சுற்றி சதுர அடைப்பு இருக்கும். எஸ்2ஐடில் அரைத் தூக்கம். டீப் என்பது பழைய எஸ்3. ரேம் தவிர ஏறக்குறைய எல்லாம் அணையும். என்னுடையதில் எஸ்2ஐடில் தேர்வாகியிருந்தது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப் நிரலின் அமைப்பில், கர்னலுக்கு (லினக்ஸின் மையக்கரு) போகும் வரியோடு மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் என்று சேர்த்து, அப்டேட்-க்ரப் கொடுத்ததும் இரவு இழப்பு ஐந்தாறு சதவீதமாகக் குறைந்தது. கோப்பில் டீப் என்ற பெயரே இல்லாவிட்டால் பயாஸை, அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையை, பாருங்கள். சில திங்க்பேட் மாடல்களில் ஸ்லீப் ஸ்டேட் என்ற இடத்தில் விண்டோஸ், லினக்ஸ் என்று தேர்வு உண்டு. அதுவும் இல்லையென்றால் டீப்பை மறந்துவிடலாம். 11-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3-யே கிடையாது.

அடுத்தது பைக்குள் சூடு. "என்ன தம்பி, பொட்டி இட்லிச் சட்டி மாதிரி கொதிக்குது?" என்று நீடாமங்கலம் மில் கணக்கப்பிள்ளை கேட்டார். காரணம் வயர்லெஸ் மவுஸின் டாங்கிள், அதாவது யுஎஸ்பியில் செருகும் சிறு ரிசீவர். சாதாரண மவுஸுக்குக் கணினியை எழுப்பும் உரிமையைக் கர்னல் தானாகத் தருவதில்லை. ஆனால் இந்த டாங்கிள்களில் பல தம்மைக் கீபோர்டு என்றும் அறிவித்துக்கொள்ளும். கீபோர்டுக்கு அந்த உரிமை உண்டு. பஸ் குலுங்கக் குலுங்க மவுஸ் அசையும், லேப்டாப் எழும், மூடி சாத்தியிருப்பதைப் பார்த்து மறுபடி படுக்கும். வழி முழுக்க இதே கூத்து. /ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப் கோப்பில் எக்ஸ்எச்சி என்று எழுதி மொத்த யுஎஸ்பியையும் அடக்கலாம். ஆனால் அது சுவிட்ச் மாதிரி, இரண்டாம் முறை எழுதினால் திரும்ப இயங்கும். மறுதொடக்கத்தில் மறந்தும் போகும். அந்த டாங்கிளின் பவர்/வேக்கப் மதிப்பை மட்டும் டிசேபிள்ட் ஆக்கும் ஒரு யூடெவ் விதி (சாதனம் சேரும்போது தானே நடக்கும் அமைப்பு) எழுதியதோடு சூடு நின்றது.

சில நாள் மூடியைச் சாத்தியும் தூங்கவே மறுத்தது. ஜர்னல்சிடிஎல் காட்டும் கணினிப் பதிவில் 'ஃப்ரீஸிங் ஆஃப் டாஸ்க்ஸ் ஃபெயில்ட் ஆஃப்டர் 20' என்று தொடங்கும் வரி. எல்லா நிரல்களையும் உறைய வைக்கக் கர்னல் 20 விநாடி காத்திருக்கும். ஒன்று அடம்பிடித்தாலும் சஸ்பெண்டைக் கைவிட்டுவிடும். அடம்பிடித்தது எஸ்எஸ்எச்எஃப்எஸ் (வேறு கணினியின் கோப்புகளை இங்கேயே இருப்பதுபோல் காட்டும் முறை) வழியாக ஏற்றியிருந்த மில் சர்வர் கோப்புறை. வைஃபை முதலில் அறுந்துவிட, பதிலுக்குக் காத்திருந்த நிரல் உறைய முடியாமல் தொங்கியது. லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி-யின் சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்தேன். 'ப்ரி' என்ற சொல்லோடு அது அழைக்கப்படும்போது அந்தக் கோப்புறையைக் கழற்றிவிடும்.

எழாமல் கறுப்புத் திரையோடு செத்துக் கிடந்தால், மறுதொடக்கம் செய்து முந்தைய பூட்டின் பதிவைப் பாருங்கள். 'சஸ்பெண்ட் என்ட்ரி' என்ற வரியோடு பதிவு முடிந்துவிட்டால் விழுந்தது அதற்குப் பிறகு. எந்தப் படியில் என்று பார்க்க /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் இருக்கிறது. ஃப்ரீஸர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம் என்று ஒவ்வொரு படியாக ஒத்திகை பார்த்து 5 விநாடியில் திரும்பிவிடும். பிஎம்_ட்ரேஸ் என்று இன்னொன்று உண்டு. தடயத்தைக் கணினிக் கடிகாரத்திலேயே எழுதி வைப்பதால் தேதி குழம்பும். பில் போடும் கணினியில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி ஹைபர்நேட். இதற்கு டிஸ்க்கில் ஸ்வாப், அதாவது ரேமில் இருப்பதை இறக்கிவைக்கும் இடம், வேண்டும். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் ஸ்வாப் உதவாது. கர்னல் ரேமில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குள் பிம்பத்தை (டிஸ்க்கில் எழுதும் ரேமின் நகலை) அடக்கப் பார்க்கும், 16 ஜிபிக்கு ஏறத்தாழ 6.4. ஆனாலும் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ரேம் அளவுக்கே ஒதுக்குங்கள். ஸ்வாப் தனிப் பகிர்வு என்றால் அதன் யுயுஐடியை (அடையாள எண்) ரெசியூம்= என்று கர்னலுக்குச் சொன்னால் போதும். ஸ்வாப் கோப்பு என்றால் அது இருக்கும் பகிர்வின் யுயுஐடி, கூடவே ரெசியூம்_ஆஃப்செட். ஃபைல்ஃப்ராக் கட்டளை காட்டும் முதல் பௌதிக எண் அது. கோப்பை அழித்து மறுபடி உருவாக்கினால் அந்த எண் மாறும். பழைய எண் நின்றால் ஹைபர்நேட் வேலை செய்யாது, ஆகவே புது எண்ணைக் கொடுக்க மறக்காதீர்கள். டெபியனில் பூட்டின் தொடக்கக் கோப்புகளுக்கான இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவிலுள்ள ரெசியூம் கோப்பிலும் யுயுஐடி சரியா பார்த்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கொடுக்க வேண்டும்.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் இயங்கினால் டெபியன் கர்னல் ஹைபர்நேட்டைத் தடுக்கும். /சிஸ்/பவர்/ஸ்டேட் கோப்பில் டிஸ்க் என்ற சொல் இருக்காது. நான் செக்யூர் பூட்டை அணைத்தேன். ஆனால் ரேமில் இருந்ததெல்லாம் ஸ்வாப்பில் அப்படியே கிடக்கும் என்பதால், அடுத்தவர் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் ஸ்வாப்பைக் குறியாக்கம் செய்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பூட்டுக்கும் புதுச் சாவி போடும் வகைக் குறியாக்கம் இதற்கு ஆகாது. எழும்போது பழைய சாவி இருக்காது.

இப்போது மூடியைச் சாத்தினால் சஸ்பெண்ட்-தென்-ஹைபர்நேட். ஹைபர்நேட்-டிலே-செக் என்ற காத்திருப்பு மதிப்பு 45 நிமிடம். பஸ்ஸில் மில் மாறுவதற்குள் திறந்தால் உடனே எழும், அதற்கு மேல் போனால் தானே விழித்து டிஸ்க்கில் எழுதி அணையும். எக்ஸ்எஃப்சிஇ பவர் மேனேஜர் மூடியைத் தானே கையில் எடுத்துக்கொள்வதால், அதை சிஸ்டம்டி-யின் லாகின்டி-யிடம் விடும்படி அதன் அமைப்பில் சொன்ன பிறகுதான் இது நடந்தது.

கிழட்டு பேட்டரிக்காக பேட்டரியைக் கண்காணிக்கும் யுபவர் அமைப்பையும் மாற்றினேன். கடைசிக் கட்ட நடவடிக்கை 2 சதவீதத்தில் என்று அதில் இருக்கும். என் பேட்டரியோ 8-லிருந்து நேரே பூஜ்யத்துக்குக் குதிக்கும். 10-க்கு உயர்த்தி, நடவடிக்கையை ஹைபர்நேட் ஆக்கினேன். லோ, கிரிட்டிக்கல், ஆக்‌ஷன் மூன்றும் இறங்குவரிசையில் இல்லாவிட்டால் மூன்றையும் யுபவர் தள்ளிவிட்டுத் தன் பழைய எண்களையே எடுத்துக்கொள்ளும். ஆகவே கிரிட்டிக்கலையும் 15-க்கு ஏற்றினேன்.

மிச்சமிருக்கும் குறை ஒன்று: ஹைபர்நேட்டிலிருந்து எழுந்தால் கைரேகை ரீடர் சில நேரம் பிடிப்பதில்லை. கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.