செல்வம் என்ற அட்டையை எங்கே வைப்பது?

சுயநலத்துக்கும் நாம் முக்கியமென்று மதிக்கும் விழுமியங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லித்தரும் ஒரு இணைய வகுப்பை முடித்துவிட்டேன். நான்கு பாடங்கள், நடுவில் ஒரு அட்டைப் பயிற்சி. பாடங்கள் சுமார்தான், அட்டைகள் பிரமாதம்.

அட்டைகள் வகுப்பு நடத்துபவர்கள் உருவாக்கியவை அல்ல. 2001-இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வில்லியம் மில்லரும் அவருடைய சகாக்களும் தயாரித்தவை, மொத்தம் 83, ஒவ்வொன்றிலும் ஒரு விழுமியத்தின் பெயர் இருக்கும், யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம். முக்கியமில்லை, முக்கியம், ரொம்ப முக்கியம் என்று மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. தாராள குணம் வந்ததும் யோசிக்காமல் மூன்றாவது குவியலில் போட்டேன். அடுத்து செல்வம். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை, ஆனாலும் கை தானாக முதல் குவியலுக்குப் போனது, இத்தனைக்கும் அதே வாரம் சம்பள உயர்வு கேட்டு மேலாளருக்கு மூன்று மெயில் அனுப்பியவன் நான்! அசடு வழிய அட்டையை எடுத்து நடுவில் வைத்தேன்.

பெரிய குறை மொழிபெயர்ப்பு. தன் நலம் பார்ப்பது, அடுத்தவன் பங்கையும் சேர்த்துச் சுருட்டுவது, இரண்டுக்கும் சுயநலம் என்றே போட்டிருக்கிறார்கள். நம் காதுக்கு அது வசைச்சொல், சுயநலக்காரன் என்று யாரையாவது பாராட்டியிருக்கிறோமா? உடம்பைக் கவனிப்பதும் உழைத்த கூலியை விடாமல் கேட்பதும்கூட அந்தச் சொல்லுக்குள் போய் மாட்டிக்கொள்கின்றன. அப்புறம் 'நீங்கள் சுயநலவாதியா?' என்று கேள்வி வேறு. எவன் ஆமாம் என்பான்?

பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் பற்றிய பாடம் அரைகுறை. கசாப்புக்காரரும் ரொட்டிக்காரரும் தங்கள் லாபத்துக்காகவே நமக்குச் சாப்பாடு தருகிறார்கள் என்று 1776-இல் அவர் எழுதியதோடு முடித்துவிட்டார்கள். மனிதன் எவ்வளவு சுயநலக்காரனாக இருந்தாலும் பிறர் நலத்திலும் அவனுக்கு அக்கறை உண்டு என்று 1759-லேயே அதே ஆள் எழுதியது எங்கே போயிற்று?

மூன்றாவது பாடம் மட்டும் காசுக்குத் தகும். பரிவு வேறு, கடப்பாடு வேறு என்று 1977-இல் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பிரித்துக் காட்டியது. இன்னொருவர் வதைபடுவதைக் கேட்டு எனக்கே மனம் தாங்காமல் உதவினால் அது பரிவு, அதில் என் நிம்மதியும் அடக்கம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அது தப்பு, தடுக்க ஏதாவது செய்வேன் என்று இறங்கினால் அது கடப்பாடு. சரி, என் கதை என்ன என்று யோசித்தேன். அலுவலகத்தில் ஒரு தம்பிக்கு நான் செய்யும் உதவியெல்லாம் அவன் முகம் வாடினால் எனக்கு வேலை ஓடாது என்பதால்தான், அப்பட்டமான பரிவு.

அட்டைகளை மட்டும் அச்சிட்டுச் செய்து பாருங்கள், முழு வகுப்பு கட்டாயமில்லை. முடிவில் சான்றிதழ் தருகிறார்கள், என் பெயரில் ஒரு எழுத்து தப்பு, திருத்தச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். புகழ் அட்டையை எந்தக் குவியலில் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.