கடும்புப் பாலை அளக்கும் பிரிக்ஸ் மானி: நான்கு ஈற்றுகளின் பின் ஒரு மதிப்பீடு

பசு ஈன்றவுடன் சுரக்கும் கடும்புப் பாலின் தரத்தைக் கொட்டிலில் வைத்தே அளக்கலாம் என்று மிருக வைத்தியர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, யாழ். நகரில் ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் கரைசலில் எவ்வளவு சீனி இருக்கிறது என்பதை ஒளி முறிவைக் கொண்டு காட்டும் கைப்பிடி பிரிக்ஸ் மானி ஒன்றை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரருக்கு என் தேவை விளங்கவில்லை. "ஐயா, தேனும் பழச்சாறும் பாக்கிறவைதான் இதை வாங்கிறவை, மாட்டுப் பாலுக்கு எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை" என்றார். பெட்டிக்குள் இருந்த கைந்நூலிலும் சீனிக் கரைசலைத் தவிர வேறு பேச்சில்லை. அதன் பின் கோப்பாயில் உள்ள எங்கள் கொட்டிலில் நான்கு ஈற்றுகளுக்கு இக்கருவியைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

இதை வாங்கத் தூண்டியது ஓர் இழப்பு. ஜேர்சிக் கலப்பு நாகு ஒன்று தலையீற்றில் போட்ட கன்றை, இளங்கொடி விழும்வரை பால் குடிக்க விடக்கூடாது என்ற பழைய எண்ணத்தில் நாங்கள் தடுத்து வைத்திருந்தோம். கொடி விழ ஒன்பது மணி நேரம் எடுத்தது. ஐந்தாம் நாள் கழிச்சல் தொடங்கியது. எட்டாம் நாள் கன்று இல்லை. கன்று முட்டிக் குடித்தாலே கருப்பை சுருங்கிக் கொடி விழுவதற்கு அது உதவும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் பிறபொருளெதிரிகள், அதாவது நோயை எதிர்க்கும் புரதங்கள், கருவிலேயே கிடைத்துவிடுகின்றன. மாட்டின் சூல்வித்தகமோ (இளங்கொடி) அவற்றைக் கடக்க விடாததால், கன்று ஏறக்குறைய வெறுங்கையோடுதான் மண்ணில் விழுகிறது. ஈற்றுக்கு முந்திய வாரங்களில் தாய் தன் இரத்தத்திலிருந்து மடிக்குள் சேர்த்து வைத்த பிறபொருளெதிரிகளைக் கன்றின் குடல் உடைக்காமல் அப்படியே உள்வாங்கக்கூடிய காலம் மிகக் குறுகியது; முதல் சில மணி நேரத்தில் நன்றாகத் திறந்திருக்கும் அந்த வாசல், 24 மணி நேரத்துக்குள் அடைபட்டுவிடும். கன்றின் சொந்த நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) வலுப்பெற வாரங்கள் செல்லும் என்பதால், அதுவரை அதற்கு இருப்பது அந்த முதல் நாளின் பால் மட்டுமே.

கருவி எளியது. முனையில் உள்ள அரியம் எனும் சாய்ந்த கண்ணாடியின் மீது இரண்டு துளி பாலை விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தை நோக்கிக் கண்ணில் வைத்தால் நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே அளவு. 22 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஒரு லீற்றரில் 50 கிராமுக்குக் குறையாத பிறபொருளெதிரி இருக்கும் என்று கொள்ளலாம். மானி உண்மையில் காண்பது பாலில் உள்ள மொத்தத் திண்மத்தைத்தான். ஆகவே 22க்கு ஓரிரு புள்ளி முன்பின் நிற்கும் பாலை அது தவறாக மதிப்பிடவும் கூடும். கொழுப்பு மிகுதியால் கடும்புப் பாலில் அந்தக் கோடு தேனில் தெரிவதுபோல் கூர்மையாகத் தெரியாது. முதல் இரண்டு முறையும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தே அலுத்துப்போனேன்.

மூன்றாம் முறை ஈன்ற பசுவொன்றில், கன்று போட்டு ஒரு மணி நேரத்தில் கறந்த பால் 26 காட்டியது. அதே பசுவை மறுநாட் காலை, பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கறந்தபோது 15 தான். இந்த வேறுபாடு எங்கள் வீட்டில் முன்பே தெரிந்ததுதான்: சர்க்கரை போட்டு அவித்தால் முதற்கறவை கத்தியால் வெட்டும் பதத்தில் இறுகும், இரண்டாங்கறவை தளதளவென்று நிற்கும். அம்மா பானையில் கண்டதும் நான் கண்ணாடியில் கண்டதும் ஒரே புரதத்தைத்தான். ஆனால் அந்தச் சூடே பிறபொருளெதிரிகளைக் கெடுத்தும்விடும். ஆகவே, பின்னைய தேவைக்கென உறைய வைத்த பாலைக் கன்றுக்காக இளக்கும்போது, போத்தலை 50 பாகைக்கு மேற்படாத வெந்நீரில் வைக்க வேண்டுமேயொழிய அடுப்பில் வைக்கக்கூடாது.

மானியால் நான் அடைந்த உண்மையான பயன், தலையீற்று நாகு ஒன்று 18 காட்டிய நாளில் கிடைத்தது. 26 காட்டிய பசுவின் பாலில் ஒரு லீற்றரை உறையவைத்திருந்தேன். அதை இளக்கி, நாகின் பாலோடு சேர்த்து ஊட்டினோம். கன்றின் எடையில் பத்திலொரு பங்கு என்பது கணக்கு. 25 கிலோக் கன்றுக்கு இரண்டரை லீற்றர். அந்தக் கன்று கழிச்சலின்றி வளர்ந்தது. ஒரு கன்றை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். அயல்வீடுகளுக்கு அவித்த கடும்பு கொடுக்கும் வழக்கத்தை இப்போது கன்றின் பங்கும் உறையவைக்கும் பங்கும் போன பிறகே நிறைவேற்றுகிறோம். இரண்டு வீடுகளில் மனத்தாங்கல் உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். சுழியத்தைச் சரிபார்க்கக் காய்ச்சி வடித்த நீர்தான் தேவை. எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரால் கழுவி அப்படியே காயவிட்டபோது அரியத்தில் வெண்படலம் படிந்துவிட்டது. வெப்பநிலைத் திருத்தம் 10 முதல் 30 பாகை வரைதான் என்று உடலில் பொறித்திருக்கிறது. சித்திரை மாதத்து மத்தியானத்தில் அதை நம்ப முடியாது. மூடியின் பிணைச்சல் ஆறாம் மாதமே தளர்ந்தது, மாற்று மூடி அந்தக் கடையில் இல்லை. இருந்தும், பால் நிரம்பிய உயரமான பாத்திரமும் சரியான சூடும் கேட்கும் கண்ணாடி மிதவைமானியைவிட (பாலின் அடர்த்தியை மிதந்து காட்டும் கருவி), இரண்டு துளியோடு வேலையை முடிக்கும் இதையே கொட்டிலுக்கு ஏற்றதாகக் கருதுகிறேன்.

நான்காவது ஈற்று இரவு இரண்டு மணிக்கு, மின்சாரம் இல்லாத வேளையில் நடந்தது. நான் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் மானியைத் துடைத்துக்கொண்டிருக்க, மனைவி பாலைக் கறந்து, சூப்பிப் போத்தலில் விட்டு, கன்றின் தலையைச் சற்றே நிமிர்த்திப் பிடித்து ஊட்டத் தொடங்கிவிட்டார். போத்தலின் அடியில் மிஞ்சிய துளிகளைத்தான் நான் அளந்தேன்: 24.