ஸ்கேன் பிடிஎஃப்பில் தமிழைத் தேட: ஓசிஆர்மைபிடிஎஃப்

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையோ, பாளையங்கோட்டையில் கல்லூரி வாசல் கடையோ, ஸ்கேன் பண்ணித் தரும் பிடிஎஃப் வெறும் படம்தான். கண்ட்ரோல் எஃப் அழுத்தி ஊர்ப் பெயரைத் தேடினால் ஒன்றும் சிக்காது. அந்தப் படத்தோடு கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்த்துத் தேட வைப்பதுதான் ஓசிஆர்மைபிடிஎஃப் (OCRmyPDF) என்ற, கமாண்ட் அடித்து ஓட்டும் மென்பொருளின் வேலை. காசு கிடையாது. நிறுவியபின் நெட்டும் வேண்டாம். சொத்துக் காகிதம் அடுத்தவர் சர்வருக்குப் போகாது என்பதற்காகவே இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம்.

எழுத்தை அடையாளம் காண்பது உள்ளே ஓடும் டெசராக்ட் (Tesseract) என்ற இன்னொரு மென்பொருள். உபுண்டு லினக்ஸில் ஏபிடி (apt) என்ற நிறுவும் கமாண்ட் மூலம் நிறுவும்போது அதன் தமிழ்ப் பேக்கேஜையும் தனியாகப் போட வேண்டும். விண்டோஸ்காரர்களுக்கு, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் (WSL) உபுண்டுவை ஏற்றுவதே எளிது. கமாண்டில் மொழியைச் சொல்ல மைனஸ் எல் (-l) போட்டு, தமிழும் இங்கிலீஷும் சேர்த்து tam+eng என்று நடுவில் இடைவெளி விடாமல் கொடுங்கள். மொழியைச் சொல்லாமல் விட்டால் இங்கிலீஷ் என்றே எடுத்துக்கொண்டு, எரர் எதுவும் காட்டாமல் குப்பை எழுத்தை நிரப்பி வைத்துவிடும்.

தமிழுக்குச் சோதனையே புள்ளிதான். 'பட்டா' என்பது 'படடா' ஆகிவிட்டால் தேடலில் அகப்படாது. ஆகவே கடையில் 300 டிபிஐ, கிரேஸ்கேல் என்று கேட்டு வாங்குங்கள். 150 டிபிஐயில் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் புள்ளி பக்கத்து எழுத்தோடு ஒட்டும், இல்லையேல் மறையும். அழுக்கு நீக்கும் கிளீன் ஆப்ஷனிலும் இதே ஆபத்து: சின்னப் புள்ளியைத் தூசி என்று துடைத்துவிட வாய்ப்புண்டு. நான் அதைத் தொடவே வேண்டாம் என்பேன். சாய்வை நேராக்கும் டெஸ்கியூ மட்டும் போதும். துணைக்காலும் 'ர'வும் இடம் மாறுவது நல்ல ஸ்கேனிலும் நடக்கும். பெயரைத் தேடும்போது பாதிச் சொல்லையும் கொடுத்துப் பாருங்கள்.

'ஏற்கெனவே எழுத்து இருக்கிறது' என்று சொல்லி நின்றுவிட்டால், சில பக்கம் டைப் செய்தது, சில பக்கம் ஸ்கேன் என்று கலந்திருக்கலாம். அதற்கு, எழுத்து உள்ள பக்கங்களை விட்டுவிட்டு மற்றதை மட்டும் படிக்கும் ஸ்கிப் டெக்ஸ்ட் (--skip-text) ஆப்ஷன். ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டிடிபி செய்த பிடிஎஃப்புக்கு அது உதவாது. அங்கே கண்ணுக்குத் தமிழ், உள்ளே இங்கிலீஷ் எழுத்துக் குவியல். ஃபோர்ஸ் ஓசிஆர் (--force-ocr) ஆப்ஷன் கொடுத்தால் பக்கத்தைப் படமாக்கிப் புதிதாகப் படிக்கும். பழைய டிடிபி கோப்புகள் வைத்திருக்கும் அச்சகங்களுக்கு இந்த ஒரு வசதியே பெரிய கொடை. ஃபைல் பெரிதாகும், ஒரிஜினலை அழிக்காதீர்கள்.

4 ஜிபி ராம் உள்ள மெஷினில், ஒரே நேரத்தில் எத்தனை பக்கம் படிக்கலாம் என்று சொல்லும் ஜாப்ஸ் (--jobs) அளவை 2 என்று குறைத்து ஓட்டுங்கள். பெரிய தொகுப்பு பாதியில் நின்றால், தற்காலிக ஃபோல்டர் நிரம்பிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

சைட்கார் (--sidecar) ஆப்ஷனையும் சேர்த்துக்கொண்டால் ஒவ்வொரு பிடிஎஃப்புக்கும் தனி டெக்ஸ்ட் ஃபைல் கிடைக்கும். கிரெப் (grep) என்ற தேடும் கமாண்டைப் போட்டு ஃபோல்டர் முழுவதும் ஒரே வீச்சில் தேடலாம்.

கையால் எழுதிய பழைய பத்திரங்களுக்கு இதை நம்ப வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் கொம்பு போட்ட 'லை', 'னை' வரும் இடங்களையும் கண்ணால் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும்.